ஆளுக்கு அரைப் பேர்

எஸ்.எஸ்.சி. படித்த வருடம் எங்கள் வகுப்பில் நான் இரண்டு பேராக இருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, வரவு எடுக்கிற இடாப்பில் அப்படித்தான் இருந்தது. என் பெயரைக் கூப்பிட்டால் என் சொந்தக் குரலில் "பிரசன்ட் டீச்சர்" என்பேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டால் மூக்கடைத்த மெல்லிய குரலில் இன்னொரு "பிரசன்ட் டீச்சர்". இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு வாங்கத்தான் நேரம் இருக்கும்.

இதைத் திருட்டுத்தனம் என்று சொல்கிறவர்கள் எங்கள் தோட்டத்துப் பெரட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். விடிகாலையில் தப்புச் சத்தம் கேட்டதும் ஆட்கள் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை செக்ரோல் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். பனி மூடியிருக்கும். தலையில் கம்பளியும் அதற்கு மேல் சாக்குமாக நிற்கிறவர்களில் எவர் எவரென்று பெற்ற தாய்க்கே தெரியாது. ஒரு வீட்டிலிருந்து ஒருத்தி வந்து நின்றால் போதும். "இருக்கேங்க. எம் மக பின்னால வர்றா. நாத்தனா புள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஓடியாறா" என்று வீட்டுக்கே சேர்த்துப் பதில் சொல்லிவிடுவாள். கணக்கப்பிள்ளை நாலு வசவு விட்டுவிட்டு மூன்று பெயரையும் எழுதிக்கொள்வார். மலையில் ஏறும்போது ஆள் சரியாக இருந்தால் அவருக்குப் போதும். பெயர் கூப்பிட்டால், வராதவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்வதுதான் முறை என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

அந்த முறையை டவுன் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனேன். ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் ரயில் நிற்கும் சின்ன டவுன் அது. ஒரே ஒரு தெரு, அதன் இரண்டு பக்கமும் கடைகள், ரயில் பாதைக்கு மேலே மேட்டில் பள்ளிக்கூடம். எங்கள் தோட்டத்திலிருந்து ஆறாம் வகுப்புக்கு அங்கே போனவர்கள் இரண்டே பெண்கள். தோட்டத்து வரிசை வீடுகளில் நான் கீழ் லயம். என் கூட்டாளி மேல் லயம். ஒரே நாளில் சேர்ந்ததால் இடாப்பில் எங்கள் பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. முதல் நாள் டீச்சர் அவள் பெயரைக் கூப்பிட்டபோது அவள் வகுப்பில் இல்லை. தேயிலைக்குள் நடந்து வந்ததில் காலில் ஏறிய அட்டைகளைக் குழாயடியில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்று, பெரட்டில் சொல்கிற மாதிரியே உரக்கச் சொன்னேன்.

"இருக்காங்க டீச்சர். அட்டை புடுங்கிட்டுப் பின்னால வர்றா."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. டவுன் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் அன்றும் மன்னிக்கவில்லை, இன்றும் மன்னிக்கவில்லை. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"பிள்ளை, உமக்கு ஒரு வாய்தானே இருக்கு. அது உம்மட பேருக்கு மட்டும்" என்றார்.

அந்த டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஆறாம் வகுப்பிலும் அவர்தான் எங்களுக்கு வகுப்பு டீச்சர், எஸ்.எஸ்.சி.யிலும் அவர்தான். கணக்கும் அவரே எடுத்தார். எங்கள் குளிரோடு அவருக்கு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. சேலைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர், செருப்புக்குள் காலுறை. தடித்த கண்ணாடி போட்டிருப்பார். எங்கள் வகுப்புக்குத் தகரக் கூரை, அரைச் சுவர். சுவருக்கு மேலே கம்பி வலை. ஆனி, ஆடி மாதங்களில் பனி அந்த வலை வழியாக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். டீச்சர் வகுப்புக்குள் நுழைந்ததும் கண்ணாடி வெளுத்துவிடும். துடைப்பார், மறுபடி வெளுக்கும். இரண்டு தரம் துடைத்துவிட்டு, அலுத்துப்போய்க் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். பிறகு இடாப்பில் மூக்கு முட்டுகிற மாதிரி குனிந்துகொண்டு பெயர் கூப்பிடுவார். தலை நிமிர மாட்டார். நிமிர்ந்தாலும் கடைசி பெஞ்சுவரைக்கும் வெள்ளையாகத்தான் தெரியும். காதை நம்பித்தான் கோடு போடுவார். காலையில் வந்ததற்கு ஒரு சாய்கோடு. மத்தியானம் மறுபடி கூப்பிட்டு, அதன் மேல் மறுபக்கம் சாய்த்து இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்து ஒரு பெருக்கல் குறி ஆனால்தான் அன்றைய நாள் முழு நாள்.

என் கூட்டாளிக்குக் கணக்கு என்றால் உயிர். டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் அவள் விடையை எழுதி வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கூட்டலுக்கே விரல் மடக்குகிறவள். ஐந்து வருடமும் அவள் கணக்குக் கொப்பியைப் பார்த்துத்தான் என் கொப்பி வளர்ந்தது. அவளுக்கு இருந்த ஆசையும் ஒன்றே ஒன்றுதான். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணித் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும். "மழையில நிக்காம, கூரைக்குக் கீழ, நாக்காலியில ஒக்காந்து சம்பளம் வாங்கணும் புள்ள" என்பாள். நாற்காலியை மட்டும் மறக்காமல் சொல்வாள்.

அந்த எஸ்.எஸ்.சி. வருடம் பார்த்து அவள் அம்மாவுக்கு ஐந்தாவது பிள்ளை பிறந்தது. பிரசவத்தோடு வந்த காய்ச்சல் லேசில் விடவில்லை. அது கொழுந்து கொட்டுகிற காலம். வீட்டுக்கு ஒரு கை கொழுந்து மலையில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் லயத்துக் காம்பராவைக் காலி பண்ணு என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அவள் அப்பாவுக்குக் கவாத்து மலையில் வேலை. அவர் ஒருவர் மட்டும் போதாதாம். அம்மா எழுந்து நடக்கிறவரைக்கும் மகள் பெயர் செக்ரோலில் ஏறியது. வாரத்தில் மூன்று நாள், நாலு நாள் அவள் கூடை கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். மிச்ச நாள்தான் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. வராத நாட்கள் ஒரு அளவுக்கு மேல் போனால் பெயரைப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், அவளுடைய நாற்காலி அந்த இடாப்பில் இருந்தது.

எனவே நான் வாயைத் திறந்தேன். ஒரு வாய்தான் என்று டீச்சர் ஐந்து வருடத்துக்கு முன்பே கணக்குச் சொல்லியிருந்தார், பாவம்.

முதல் நாள் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. பத்தாம் நாள் ரசிக்கத் தொடங்கிவிட்டேன். என் குரல் தகரத்தில் கல் விழுந்தது போல இருக்கும். அவள் குரல் எப்போதும் சளி பிடித்த குரல். என் பெயருக்கு நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வேன். உடனே பெஞ்சுக்குக் கீழே குனிந்து, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அவள் பெயருக்குச் சொல்வேன். மழை பலமாக அடித்தால் தகரக் கூரையில் சத்தம் பொறுக்க முடியாது. அன்றைக்கு மூக்கைப் பிடிக்கவே வேண்டாம். சில நாள் அழகுக்காக ஒரு இருமலும் சேர்ப்பேன். இன்னொரு விஷயம். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் அந்தப் பருவத்தில் நான் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் தவறவில்லை. காய்ச்சலோடும் போனேன். என் அம்மா எனக்குப் படிப்பில் புத்தி வந்துவிட்டதாக லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. துணிக்கடை முதலாளியின் மகன் ஒருவன் எனக்குப் பின் பெஞ்சில் இருந்தான். ஒரு நாள் இடைவேளையில் வந்து கொப்பியை நீட்டினான்.

"நீ ரெண்டு குரல்ல பேசுறத நான் டீச்சர்கிட்ட சொல்ல மாட்டேன். உன் கூட்டாளிய இந்தக் கணக்கைச் செஞ்சு தரச் சொல்லு."

மறுநாள் அவன் சிநேகிதன் வந்தான். அதற்கு மறுநாள் அவன் சிநேகிதனின் சிநேகிதன். ஒரு வாரத்தில் எட்டுக் கொப்பி சேர்ந்துவிட்டது, என்னுடையதைச் சேர்க்காமல். சாயந்தரம் அத்தனையையும் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறுவேன். அவள் மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிவிட்டு, அதே கையோடு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து எழுதுவாள். வெளிச்சம் போவதற்குள் ஒன்பது கொப்பியும் முடிந்துவிடும். அவளுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. பகல் முழுக்கக் கொழுந்தைப் பார்த்த கண்ணுக்கு இலக்கம் ஆறுதலாக இருந்தது என்றாள். எனக்குத்தான் அந்தத் துணிக்கடைப் பயல் கொப்பியைக் கிழித்து அடுப்பில் போடலாமா என்று வரும்.

எங்கள் கெட்டித்தனத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதை நாங்கள் ஒன்பது பேரும் பார்க்கவில்லை. கொழுந்து பறிக்கிற விரலில் சாறு ஊறி, கட்டைவிரல் கறுத்துவிடும். அந்த ஈரத்தோடு பக்கத்தைத் திருப்பினால் தாளின் மூலையில் பழுப்பாக ஒரு கைநாட்டு விழும். தோட்டத்தில் எல்லாப் பொருளிலும் அந்தக் கறை இருக்கும். கண்ணுக்கு முன்னால் எப்போதும் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

கண்ணாடி இல்லாமல் திருத்துகிறவர் பார்த்தார். டீச்சர் ஒரு நாள் கொப்பிக் கட்டை மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஒன்றை மோந்து பார்த்தார். அடுத்ததையும் மோந்து பார்த்தார். துணிக்கடைக்காரன் கொப்பியில் பச்சைக் கொழுந்து வாசம் வர என்ன நியாயம் இருக்கிறது? ஆனால் அவர் கட்டை மறுபடி அடுக்கி வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். ஒன்றும் சொல்லாமல் இருக்கிற டீச்சரை நம்பக் கூடாது.

மறுநாள் காலையில் பனி அப்படி ஒரு பனி. பக்கத்தில் இருப்பவள்கூடப் புகையாகத் தெரிந்தாள். டீச்சர் வந்தார், கண்ணாடியைக் கழற்றினார், இடாப்பைப் பிரித்தார். என் பெயருக்குப் பதில் சொன்னேன். அவள் பெயருக்கும் குனிந்து, மூக்கைப் பிடித்து, இருமலோடு சொன்னேன்.

"சளி இன்னும் மாறேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல டீச்சர்" என்றேன் அவள் குரலில்.

"பாவம். கொஞ்சம் எழும்பி வாரும். நேற்றைய கணக்கு ஒண்டு, பலகையில செய்து காட்டும்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். யாருக்குத்தான் அது தெரியாது? ஆனால் எனக்கு இருந்த திமிருக்கு அது தோன்றவில்லை. மழைக்குப் போட்டு வந்த சாக்கை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, அவள் நடக்கிற மாதிரி அடி அடியாக நடந்து முன்னால் போனேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே உயரம். பனியும் என் பக்கம். பலகையில் எழுதச் சோக்குக் கட்டியை வாங்கினேன்.

முதலில் திகதியை எழுதினேன். அழகாக எழுதினேன். பிறகு டீச்சர் சொல்லச் சொல்லக் கணக்கை எழுதினேன். ஒரு தொட்டி, அதில் தண்ணீர் விழுகிற ஒரு குழாய், தண்ணீர் போகிற இன்னொரு குழாய். தொட்டி எத்தனை மணியில் நிரம்பும்? எங்கள் தோட்டத்தில் குழாய் என்றைக்கு ஒழுங்காக ஓடியது, நான் சொல்ல? கீழே ஒரு கோடு இழுத்தேன். விடை என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன். அதற்கு மேல் கை நகரவில்லை. சாக்குக்குள் வியர்த்துக் கொட்டியது.

முதுகுக்குப் பின்னால் சேலைத் தலைப்பால் கண்ணாடி துடைக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக, நிதானமாகத் துடைத்தார். பிறகு எழுந்து வந்து என் தலையிலிருந்த சாக்கைத் தூக்கினார்.

"அவ எங்க?"

"கொழுந்துக்குப் போயிருக்கா டீச்சர்."

"எத்தினை நாளா?"

"மழை தொடங்கினதுல இருந்து. எல்லா நாளும் இல்ல டீச்சர். வாரத்துல மூணு, நாலு நாளு."

அவர் மேசைக்குத் திரும்பிப் போய் இடாப்பின் பக்கத்தைப் பார்த்தார். மேசை லாச்சியிலிருந்து சிவப்பு மைப் புட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"அவ்வளவு நாளும் நான் பொய் எழுதியிருக்கிறன்" என்றார். "இதை எல்லாம் வெட்டினால் அவவின்ர பேர் சோதினைக்குப் போகாது. அது தெரியுமோ உமக்கு?"

தெரியும். அதற்காகத்தானே இவ்வளவும். மலையில் அவள் இந்நேரம் ஈரத்தில் நின்று பறித்துக்கொண்டிருப்பாள், இங்கே ஒரு நிமிடத்தில் அவளுடைய நாற்காலியை எடுத்துவிடுவார்கள். நான் தோட்டத்துக்காரி. தோட்டத்துக்காரிக்கு அந்த நேரத்தில் என்ன வாயில் வருமோ அதுதான் வந்தது.

"வெட்டாதீங்க டீச்சர். ஆளுக்கு அரைப் பேர் போடுங்க."

"என்ன?"

"கொழுந்து கொறஞ்சா தோட்டத்துல முழுப் பேர் போட மாட்டாங்க டீச்சர், அரை நாள் சம்பளத்துக்கு அரைப் பேர் போடுவாங்க. ஒண்ணுமே இல்லாமப் போறதுக்கு அது பரவாயில்ல. ரெண்டு பேருக்குமாச் சேர்த்து ஒரு ஆளுதான் இங்க வந்துச்சு. என்னோட நாள்ல பாதிய வெட்டி அவளுக்குக் குடுத்துருங்க."

வகுப்பு சிரித்தது. ஆறாம் வகுப்பில் சிரித்த அதே சிரிப்பு. துணிக்கடைக்காரன்தான் பலமாகச் சிரித்தான். டீச்சர் அவன் பக்கம் திரும்பி, "சிரிச்ச நீர் எழும்பி வாரும். தொட்டி இன்னும் நிரம்பேல்லை" என்றார். அவனும் திகதிக்கு மேல் போகவில்லை. எட்டுப் பேரும் வரிசையாக வந்து பலகையைப் பார்த்தார்கள். அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார். "இஞ்ச அரை எண்டு ஒண்டும் இல்லை. ஆள் இருக்கும், இல்லாட்டி இல்லை. நாளையில இருந்து அவ ஒரு நாளும் தவறக் கூடாது. தவறினால் நான் பேர் அனுப்ப மாட்டன்." சாயந்தரம் இடாப்பையும் சிவப்பு மையையும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். இராத்திரிக்குள் எல்லாம் சிவந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்து மடுவத்துக்கு ஓடி, நிறுவைக்கு நின்றவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூடைக் கயிற்றைச் சரி பண்ணிக்கொண்டே, "போகுது விடு புள்ள. அம்மா எந்திரிக்க இன்னும் மூணு வாரமாவது ஆகும்" என்றாள். அவள் "போகுது விடு" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாருடி விடுறது? நாளைக்கு நீ பள்ளிக்கூடம் போ. நான் கூடை கட்டுறேன்" என்றேன். "நான் ஒரு நாளும் தவறல. எங்கிட்ட நாள் கொட்டிக் கெடக்கு."

அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் அவளாக இருந்த நான் பெரட்டிலும் அவளானேன். முதல் நாள் அவளுடைய கம்பளி, அவளுடைய சாக்கு, அவளுடைய கூடை. கணக்கப்பிள்ளை அவள் பெயரைக் கூப்பிட்டார். இத்தனை நாள் பழகிய குரல் வீண் போகவில்லை. மூக்கைப் பிடிக்காமலே, "இருக்கேங்க" என்றேன். அவர் பென்சிலை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு குட்டியையும் எனக்குத் தெரியும்" என்றார். "எனக்கு மூஞ்சி எதுக்கு? கொழுந்து வந்தாச் சரி."

கொழுந்துதான் வரவில்லை. அவள் இரண்டு கையாலும் பறிப்பாள். நான் ஒரு கையால் பறித்து, மறு கையால் அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தேன். சாயந்தரம் என் கூடையைத் தராசில் மாட்டியபோது முள் அசையவே வெட்கப்பட்டது. கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "மூஞ்சியும் இல்ல, கொழுந்தும் இல்ல. அரைப் பேரு" என்று எழுதிக்கொண்டார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்ட இடம்தான் வேறு.

மூன்றாம் நாள் என் அம்மா என் விரலைப் பார்த்துவிட்டாள். அவள் வேறு மலையில் பறிக்கிறவள், அதனால் அதுவரை தெரியவில்லை. முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு காரணத்தைக் கேட்டாள். சொன்னேன். "அரைப் பேரு வாங்கி அந்தப் புள்ளை பேரைக் கெடுக்காத. கம்பைப் புடுங்காம இலையப் பாத்துக் கிள்ளு" என்று மட்டும் சொன்னாள். மூன்றாம் வாரத்தில் இரண்டு முழுப் பேர் வாங்கினேன். இரண்டும் அவள் பெயரில்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததை என் கூட்டாளி சாயந்தரம் வந்து சொன்னாள். முதல் நாளே மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்திருந்தது. பனி பெயருக்கும் இல்லை. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே இடாப்புக் கூப்பிட்டிருக்கிறார். என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். டீச்சர் இரண்டாம் தரம் கூப்பிட்டிருக்கிறார். வாழ்நாளில் பொய் சொல்லியே பழக்கமில்லாத என் கூட்டாளி, குனியக்கூடத் தெரியாமல், நேராக உட்கார்ந்தபடி என் குரலில் "பிரசன்ட் டீச்சர்" என்றிருக்கிறாள். எனக்குச் செய்து காட்டினாள். ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருந்தது.

"அதுக்கு டீச்சர் என்ன சொன்னாங்க?"

"எம் மூஞ்சியப் பாத்தாங்க புள்ள. 'தொண்டை கட்டிப் போச்சோ' அப்டீன்னாங்க. ஆமா டீச்சர்னேன். குனிஞ்சு எழுதிட்டாங்க. அப்புறம் எம் பேரைக் கூப்பிட்டாங்க. அதுக்கும் பிரசன்ட்னேன். அதையும் எழுதிட்டாங்க."

"வெயில்லயா? கண்ணாடி போட்டுக்கிட்டா?"

"ஆமா."

மூன்று வாரமும் அப்படியே நடந்தது, காலையும் மத்தியானமும். நாங்கள் இரண்டு பேரும் ஆழமாக யோசித்து, டீச்சருக்குக் கண் பார்வை இன்னும் மோசமாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்தோம். பாவம், வயது போகிறது என்று அவருக்காக இரக்கப்பட்டோம். எங்கள் புத்தி அந்த அளவில்தான் இருந்தது.

அவள் அம்மா எழுந்து மலைக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். பரீட்சைக்குப் போகிற பெயர்களை ஒட்டியபோது இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருந்தன. டீச்சரை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று தெருக் கடையில் ஒரு பிளேன்டியை இரண்டாகப் பங்கிட்டுக் குடித்தோம்.

பரீட்சை முடிவு பிறகு வந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் எல்லாப் பாடத்திலும் பாஸ், கணக்கில் அதிவிசேட சித்தி. அவளுக்கு நாற்காலி கிடைத்தது. நான் மற்றப் பாடங்களில் தப்பித்துக் கணக்கில் பெயில் ஆனேன். பரீட்சை மண்டபத்தில் எனக்காகப் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வருடக் கடைசி நாளை. வகுப்பைக் கூட்டி, பெஞ்சுகளைத் துடைத்து முடித்த பிறகு, இடாப்பை ஆபீசுக்குக் கொண்டுபோய் வைக்கும்படி டீச்சர் என்னிடம் சொன்னார். அதைத் தொட எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. வாசலில் நின்று, அந்த மழை மாதங்களின் பக்கத்தைத் திருப்பினேன். எவ்வளவு சிவப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. அவள் வராத ஒவ்வொரு நாளிலும் என் கட்டத்தில் காலைக் கோடு மட்டும் நின்றது. மத்தியானக் கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்திருந்தார்கள். கீழே அவள் கட்டத்தில் காலைக் கோட்டைச் சுரண்டிவிட்டு, மத்தியானக் கோட்டை மட்டும் விட்டிருந்தார்கள். ஒரு நாளை இரண்டாக வெட்டி ஆளுக்கு ஒரு பாதி. அடுத்த நாளும் அப்படி, அதற்கடுத்த நாளும். பக்கம் முழுக்கத் தாள் வெளுத்துப் போயிருந்தது.

பிறகு அந்த மூன்று வாரத்தைப் பார்த்தேன். நான் மலையில் நின்ற நாட்கள். என் கட்டங்களில் முழுப் பெருக்கல் குறிகள், கறுப்பு மையில், ஒன்றுகூடக் குறையாமல். விரல் மடக்கிக் கூட்டினேன். பாதி பாதியாக என்னிடமிருந்து போனதோடு அந்த மூன்று வாரமும் வெறுமையாக இருந்திருந்தால், பரீட்சைக்குப் போகாமல் நின்றிருக்கும் பெயர் என்னுடையதுதான். என் வாழ்க்கையில் நான் யார் கொப்பியையும் பார்க்காமல் செய்த முதல் கணக்கு அது, விடையும் சரி. வெட்கமாக இருந்தது. பார்வை போய்விட்டது என்று இரக்கப்பட்டோமே என்று நினைத்ததும் அழுகையும் வந்தது.

"என்ன பார்க்கிறீர்?" டீச்சர் பின்னால் வந்து நின்றிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார்.

"அரைப் பேர், டீச்சர்."

"இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பக்கத்தை மெல்லமாத் திருப்பும் பிள்ளை. தாள் மெலிஞ்சு போய்க் கிடக்கு."

நான் இடாப்பை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன்.